புதுப்பிப்பு: மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மர், உறுமல் நின்றது

கோத்தகிரியிலிருந்து மறுபடியும். பழைய மைக்ரோவேவ் அவனில் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 3-500இசட் வால்வு லீனியருக்கு (ஹாம் ரேடியோவின் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பயன்படுத்தப் பார்க்கிறேன், சுமையே இல்லாமல் உறுமுகிறது, கொதிக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன்.

கோளாறு என்னுடையது அல்ல, அதன் பிறவிக் குணம். செம்பை மிச்சம் பிடிக்க பிரைமரியில், அதாவது கரண்ட் உள்ளே போகும் சுருளில், சுற்றுகளைக் குறைத்திருக்கிறார்கள். 230 வோல்ட்டில் கோர் (நடுவில் உள்ள இரும்பு) சாச்சுரேட் ஆகிவிடுகிறது, அதற்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது. வீட்டில் கிடந்த 110 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை முன்னால் போட்டேன். சத்தமே இல்லை! செகண்டரி (வெளியே வரும் சுருள்) 2000 வோல்ட்டிலிருந்து சுமார் 1000 ஆகிவிட்டது. அதன் ஒரு முனை கோரோடு பற்றவைத்திருப்பதால், ஏசியை டிசியாக்க நாலு டயோடு பிரிட்ஜ் சரிப்படாது. வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும் டபிளர் போட்டதில் சுமையில்லாமல் 2800 டிசி வருகிறது. அவனிலேயே இருந்த 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இதற்குப் போதாது. வெளியீட்டில் 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எட்டை வரிசையாகக் கோத்து, வோல்ட்டேஜ் சமமாகப் பிரிய ஒவ்வொன்றின் குறுக்கேயும் ரெசிஸ்டர் வைத்தேன்.

அப்புறம்தான் மழை, மூடுபனி. மூன்றாம் நாள் இரவு 'சர்ர்' என்று சத்தம், பச்சைக் கருவாட்டைச் சுட்டது போல ஒரு நாற்றம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எர்த் கம்பியால் தொட்டு டிஸ்சார்ஜ் செய்துவிட்டுப் பார்த்தால், எல்லாவற்றையும் பொருத்தியிருந்த, ஈரம் குடித்த பிளைவுட்டில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கருங்கோடு. மலையில் பிளைவுட் வேண்டாம் என்று அண்ணன் ஒருவர் அப்போதே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இப்போது கண்ணாடி இழை போர்டு.

மிச்சம் வால்வின் ஹீட்டருக்கான (உள்ளே சூடாகும் இழை) டிரான்ஸ்ஃபார்மர்தான். 5 வோல்ட், 14.5 ஆம்பியர் வேண்டும். குன்னூர் காயலான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.