ஸ்டீமில் அதிகம் சம்பாதிக்கும் கேம்கள்: உங்கள் பணம் எதில் போனது?

வைகறை:

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க, பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் என் கணக்கில் இதுவரை வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷக் கணக்கு. ஒவ்வொரு வரியாக எக்ஸெல்லில் ஏற்றி, எந்த கேமுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டினேன். என்னிடம் 130 கேம்களுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் செலவில் பாதிக்கு மேல் ஒரே கேமுக்குப் போயிருக்கிறது. பெயர் வேண்டாம். இறக்கிக்கொள்ளக் காசே கேட்காத இலவச கேம் அது. இரண்டு டாலர், மூன்று டாலர் என்று சின்னச் சின்ன வரிகளாகக் கிடந்ததால் இத்தனை நாள் உறைக்கவில்லை. ஒரே தேதியில் ஏழு வரிகள் இருந்த நாளும் உண்டு.

இதைத் தோண்டத் தூண்டியது ஸ்டீம் வருஷக் கடைசியில் போடும் பட்டியல். பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அடுக்குவார்கள். அந்த வருஷம் அதிகம் சம்பாதித்த 12 கேம்களுக்கு பிளாட்டினம். கேம் விற்ற காசு, டிஎல்சி என்னும் கூடுதல் பகுதிகள், கேமுக்குள் வாங்கும் பொருள்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தொகையைச் சொல்ல மாட்டார்கள். 12க்குள் யார் முதலிடம் என்றும் தெரியாதபடி கலைத்துப் போட்டுவிடுவார்கள். வாரா வாரம் வரும் டாப் செல்லர்ஸ் வரிசையும் பிரதிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, பணத்தைத்தான் பார்க்கிறது. 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி வாரக்கணக்கில் அந்த வரிசையின் உச்சியில் நின்றதே, அது அதனால்தான். கேம்களுக்கு நடுவே விலை அதிகமான ஒரு கருவியை வைத்தால் அதுதானே மேலே வரும்.

பல வருஷமாக பிளாட்டினத்தை விட்டு இறங்காதவை கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா 2, பப்ஜி. மூன்றுமே இப்போது இலவசம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2018 டிசம்பரிலும், பப்ஜி 2022 ஜனவரியிலும் இலவசமாயின. டோட்டா 2 முதலிலிருந்தே இலவசம்.

உங்கள் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

சாவிக்கொத்து:

நான் வாங்கியதோடு விற்றும் இருக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கிடைத்த ஒரு ஸ்கின்னை, அதாவது ஆயுதத்தின் தோற்றத்தை மாற்றும் பொருளை, ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும் ஸ்டீம் மார்க்கெட்டில் முதல்முறையாகப் போட்டேன். விலை போடும் இடத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். வாங்குபவர் கொடுப்பது ஒன்று, நமக்கு வருவது இன்னொன்று. எனக்கு 1 டாலர் வர வேண்டும் என்று அடித்தால், மேலே 1.15 என்று வந்து நிற்கும். 5 சதவீதம் ஸ்டீமுக்கு, 10 சதவீதம் அந்த கேமுக்கு. வந்த பணத்தை வங்கிக்கும் எடுக்க முடியாது. ஸ்டீம் வாலட்டில் இருக்கும், அடுத்த கேம் வாங்கத்தான் உதவும். என் ஸ்கின்னை வாங்கியவர் நாளைக்கு அதையே விற்றால் மறுபடியும் இந்த 15. ஒரே ஸ்கின் பத்து கை மாறினால் பத்து முறை. புதிதாக ஒரு பொருளும் உருவாகாமலே வருமானம் வந்துகொண்டிருக்கிறது. பிளாட்டினத்தில் ஒரு கேம் ஏன் இத்தனை வருஷம் அசையாமல் நிற்கிறது என்பது அந்த இரண்டு கட்டங்களைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தென்றல்:

என் தம்பிக்கு 16 வயது. அவனும் கவுன்டர்-ஸ்ட்ரைக்தான். ஒருநாள், "அக்கா, ரெண்டே ரெண்டு சாவி மட்டும் வாங்கித் தா" என்று வந்தான். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பூட்டிய பெட்டிகளைத் திறக்கும் சாவி அது, ஒன்று 2.49 டாலர். பெட்டி எப்படித் திறக்கும் என்று காட்டச் சொன்னேன், ஒரு வீடியோவை ஓட்டினான். பொருள்கள் வரிசையாக இடப்பக்கம் ஓடுகின்றன, மெல்ல மெல்ல வேகம் குறைகிறது, அபூர்வப் பொருளுக்கான தங்க நிறக் கட்டம் ஒன்று கோட்டுக்கு மிக அருகில் வந்து, தாண்டிப் போய், சாதாரணமான நீலம் ஒன்றில் நிற்கிறது. தம்பி "ச்சே, மயிரிழையில போச்சு!" என்றான், அது அவன் பெட்டிகூட இல்லை.

சீனாவில் கேம்கள் இந்த வாய்ப்பு விகிதங்களை வெளியே சொல்ல வேண்டும் என்று விதி வந்ததால், 2017இல் அங்கே இந்த கேமை நடத்தும் நிறுவனம் எண்களை வெளியிட்டது. கத்தி போன்ற அபூர்வப் பொருள் கிடைக்க வாய்ப்பு 0.26 சதவீதம். நீல நிறப் பொருள்களுக்குக் கிட்டத்தட்ட 80 சதவீதம். இதைத் தம்பியிடம் கொடுத்து, நீயே கணக்குப் போடு என்றேன். நோட்டை எடுத்து உட்கார்ந்தான். சராசரியாக 385 பெட்டிக்கு ஒரு கத்தி. 385ஐ 2.49ஆல் பெருக்கினால் 958 டாலருக்கு மேல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனாகவே, தனக்குப் பிடித்த ஸ்கின் மார்க்கெட்டில் என்ன விலை என்று தேடினான். ஒரு சாவியின் விலையைவிடக் குறைவாகவே கிடைத்தது. அதை நேராக வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதைத்தான் வைத்து ஆடுகிறான்.

பெல்ஜியத்தில் இப்படிப் பெட்டி திறப்பதைச் சூதாட்டம் என்று 2018இலேயே சொல்லி நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. இந்த வருமானத்தில் எவ்வளவு பங்கு 16 வயதுக் கைகளிலிருந்து வருகிறது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

நடுப்பாதை:

டோட்டா ஆளாக ஒரு வார்த்தை. ஸ்டீம் தொகைகளைச் சொல்வதில்லை என்று வைகறை எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நமக்கு ஒரு சன்னல் திறந்திருந்தது. தி இன்டர்நேஷனல் என்ற டோட்டா 2 உலகப் போட்டியின் பரிசுத் தொகை. கேமுக்குள் உடைகளைத் தரும் பேட்டில் பாஸை விற்கும் பணத்தில் 25 சதவீதம் அந்தத் தொகையில் சேரும். ஸ்டீமையும் டோட்டாவையும் நடத்தும் வால்வ் நிறுவனம் முதலில் 16 லட்சம் டாலர் போடும், மிச்சம் ஆட்டக்காரர்களான நம்முடையது. பரிசுத் தொகை நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுவதைத் திரையில் பார்ப்போம். அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது அந்த எண்ணைத்தான்.

பத்தாவது போட்டிக்கு அது 4 கோடி டாலரைத் தாண்டியது. 2020இல் நடக்க வேண்டிய போட்டி, 2021இல் நடந்தது. வால்வ் போட்டதைக் கழித்து நான்கால் பெருக்குங்கள்: 15 கோடி டாலருக்கு மேல். ஒரே ஒரு பேட்டில் பாஸ், சில மாதங்கள், இலவச கேம். அதில் என் பங்கும் இருக்கிறது, நான் சந்தோஷமாகவே கொடுத்தேன். நான் கொடுத்த காசில் கால் பங்கு அந்தப் பெரிய மேடைக்குப் போகிறது என்பது அப்போது பெரிய பெருமை. 2023இல் பேட்டில் பாஸைக் கைவிட்டார்கள், உடைகளைப் போட்டியோடு கட்டுவதை நிறுத்தினார்கள். பரிசுத் தொகை சுமார் 30 லட்சத்துக்கு இறங்கியது. போட்டியைப் பார்க்க இன்னும் போகிறேன். அந்த எண் ஏறுவதைப் பார்க்கும் சுகம் மட்டும் போய்விட்டது.

பழைய மவுஸ்:

ஒன்று மறக்க வேண்டாம். ஸ்டீம் பட்டியல் ஸ்டீமுக்கு மட்டும்தான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வாலரன்ட், ஃபோர்ட்நைட், ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எதுவும் அங்கே விற்பதில்லை. பிசியில் பணம் கொழிக்கும் கேம்களில் பல அந்த 12க்கு வெளியே இருக்கின்றன. என் செலவில் பெரும்பகுதியும் அங்கேதான் போனது, அதனால் என் ஸ்டீம் கணக்கைப் பார்த்தால் நான் மகா சிக்கனக்காரன் போலத் தெரியும்.

இரண்டு பேர் கம்பெனி:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ஒரு நண்பரும் மூன்று வருஷம் உட்கார்ந்து ஒரு சின்ன கேம் செய்தோம். 2025 செப்டம்பர் இரண்டாம் வாரம் ரிலீஸ் என்று தேதி குறித்திருந்தோம். ஆகஸ்ட் 21 அன்று ஒரு செய்தி வந்தது: ஹாலோ நைட்: சில்க்சாங் செப்டம்பர் 4இல் வருகிறது. ஆறு வருஷத்துக்கு மேலாக உலகமே காத்திருந்த கேம், விலை 20 டாலர். செய்தியைப் படித்ததும் நண்பரை அழைத்தேன். அவர் எடுத்ததும் "பார்த்துட்டேன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அன்றைக்கே ஐந்து வாரம் தள்ளிவைத்தோம். எங்களைப் போலப் பல சிறு குழுக்கள் தள்ளின. அந்த நாள் வந்தபோது ஸ்டீம் உட்படப் பல கடைகள் வாங்க வந்த கூட்டத்தில் சிறிது நேரம் திணறி நின்றன. ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஸ்டீமில் ஆடினார்கள். எனக்குப் பொறாமை இல்லை. அதைச் செய்தவர்களும் ஒரு சின்னக் குழுதான். அன்று இரவு நானும் வாங்கினேன்.

எங்கள் கேம் 10 டாலர். வெளியில் இருப்பவர்கள் 10ஐ விற்ற எண்ணிக்கையால் பெருக்கிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது வேறு. அறிமுகத் தள்ளுபடி போகும். பல நாடுகளில் விலையைக் குறைத்துத்தான் வைக்க முடியும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பிவிடும், எங்களுடையதோ மூன்று மணி நேரத்தில் முடியும் கேம். கடையின் பங்கு 30 சதவீதம். அப்புறம் வரி. எல்லாம் போக, விற்ற பிரதி ஒன்றுக்கு நாலு டாலருக்குச் சற்று மேல் கையில் நின்றது. அதை இருவர் பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் விற்பனைக் கோடு மேலே ஏறியபோது இருவரும் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தோம், உட்காரவே தோன்றவில்லை. மூன்றாம் நாள் கோடு படுத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பெரிய தள்ளுபடிக்கும் விஷ்லிஸ்டில் போட்டிருந்தவர்களுக்கு மின்னஞ்சல் போகும், கோடு லேசாகத் தலை தூக்கும். எங்கள் வருமானத்தில் பாதி அந்தத் தலைதூக்கல்களில் வந்தது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிமிரும் கோடே கிடையாது. எங்களுடையது அடுத்த கேமுக்குச் சோறு போடும் அளவுக்கு விற்றது.

கணக்கன்:

மேலே எழுதியவருக்கு ஒரு கேள்வி. விற்பனை எண்ணிக்கை தெரியாத கேம்களுக்கு, ரிவ்யூக்களின் எண்ணிக்கையை ஒரு எண்ணால் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். மைக் பாக்ஸ்லைட்டர் என்ற டெவலப்பர் சொன்ன வழி. நான் பொழுதுபோகாத நாளில் எல்லாம் இதைத்தான் செய்கிறேன். 30 என்று வைத்துப் பெருக்குகிறேன். உங்கள் கேமுக்கு அது பொருந்துகிறதா?

இன்னொன்று. 2018 இறுதியிலிருந்து ஸ்டீமில் ஒரு கேமின் வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதில் கடையின் பங்கு 25 சதவீதம். 5 கோடியைத் தாண்டினால் 20. அதாவது பெரியவர்களுக்குச் சலுகை, சிறியவர்களுக்கு முழுப் பங்கு. ஸ்டீமுக்குப் போட்டியான எபிக் கடை அதே 2018 டிசம்பரில் 12 சதவீதத்தில் தொடங்கியது. 2025 ஜூனிலிருந்து ஒரு கேம் ஒரு வருஷத்தில் ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கே எடுப்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் கூட்டம் ஸ்டீமில்தான் இருக்கிறது, டெவலப்பர்கள் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள்.

இரண்டு பேர் கம்பெனி:

எங்களுக்கு 40க்குப் பக்கத்தில் வந்தது. ஆடி முடித்தவர்கள் அமைதியாகப் போய்விடுகிறார்கள். பிடித்திருந்தால் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள், அது எங்களுக்குப் பெரிய பலம்.

குரங்குப்படை:

எல்லோரும் இலவச கேம்களைச் சொல்லிவிட்டீர்கள். நான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். பிளாக் மித்: வுகாங், 2024 ஆகஸ்ட் 20. முன்கூட்டியே வாங்கி, இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கதவு திறந்ததும் ஷேடர்கள் (காட்சிகளை வரையும் நிரல்கள்) தயாராகும் திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. அந்த இடைவெளியில் இன்னொரு திரையில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பார்த்தேன். பத்து லட்சம். என் கோடு பாதி வருவதற்குள் எண் இன்னும் ஏறியிருந்தது. அன்றும் மறுநாளும் ஏறி 24 லட்சத்தைத் தொட்டது. ஒருவர் தனியாக ஆடும் கேமுக்கு இது நடக்கும் என்று யாரும் எனக்கு முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மூன்று நாளில் பிசியும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 1 கோடி பிரதிகள்.

60 டாலர் விலையை 1 கோடியால் பெருக்க வேண்டாம், சீனாவில் விலை 268 யுவான்தான், வாங்கியவர்களில் பெரும்பங்கு அங்கேதான். இருந்தாலும் உள்ளே கடை இல்லை, சாவி இல்லை, பெட்டி இல்லை. கொடுத்த காசுக்கு முழு கேம் கையில் வந்தது. பிளாட்டினத்தில் இப்படி ஒன்று ஏறும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3 வந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

வைகறை:

எல்லோருக்கும் நன்றி. தென்றல் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடியும் அந்த எக்ஸெல் தாளைத் திறந்தேன். 2016இல் ஒரு வரி இருக்கிறது: ஸ்டார்டியூ வேலி, 15 டாலருக்குள். அதற்கப்புறம் அந்தப் பெயரில் வேறு வரியே இல்லை. 2024 மார்ச்சில் வந்த பெரிய அப்டேட்கூட இலவசமாகத்தான் வந்தது. அந்த ஒரு வரிக்கு நான் ஆடியது 600 மணி நேரத்துக்கு மேல். அதற்குக் கீழே, அந்த இலவச கேமின் பெயரில் 214 வரிகள். இன்று காலை கணக்கில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரத்தை நீக்கிவிட்டேன். கேமை நீக்கவில்லை, சனிக்கிழமை நண்பர்களோடு ஆட வேண்டியிருக்கிறது.