ஏரியைத் தூர்வாரினோம், தண்ணீர் வரவில்லை

எங்கள் ஊர் காடையாம்பட்டி பக்கம், சேர்வராயன் மலை அடிவாரம். மலையில் மழை இறங்குவது வாசலிலிருந்தே தெரியும். ஆனாலும் மாசி பிறந்தால் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்போம்.

நாலு வருடத்துக்கு முன் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரி போட்டு ஏரியைத் தூர்வாரினோம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வண்டலை டிராக்டரில் வயக்காட்டுக்கு அடித்தோம். ஆவணியில் ஏற்காட்டில் நல்ல மழை. ஏரியிலோ கணுக்கால் தண்ணீர்தான். "கிரிக்கெட் ஆட நல்ல எடம்" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள்.

அடுத்த மழையில் நாலைந்து பேர் குடையோடு மேலே போய்ப் பார்த்தோம். வரத்து வாய்க்கால் ஓடையிலிருந்து பிரியும் வாயிலேயே மண்மேடு. வரவேண்டிய தண்ணீர் அப்படியே சரபங்கா ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கீழே வந்தால், வாய்க்கால் ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்து காணாமல் போகிறது. தோப்பு என் பங்காளியுடையது.

அவரிடம் பேசியதுதான் ஏரி வெட்டியதைவிடப் பெரிய வேலை. "எங்கப்பன் காலத்துலயே இங்க வாய்க்கா இல்லடா" என்றார். கிராம வரைபடத்தைக் காட்டியும் மசியவில்லை. அவர் கிணறும் வற்றிய பிறகுதான் ஏழு மரங்களை விட்டுக்கொடுத்தார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இன்னும் வருவதில்லை, அது வேறு கதை.

போன ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. கிடா வெட்டினோம்.

மறுமொழி: கண்ணங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் சேலம் மக்கள் குழு சீரமைத்தபோது, வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மண்ணை வெளியே ஏற்றும் லாரிச் செலவு மிச்சம், இப்போது பறவைகளுக்கும் இடம். நீங்கள் எவ்வளவு ஆழம் எடுத்தீர்கள்?

என் பதில்: அங்கேதான் கொஞ்சம் கோட்டைவிட்டோம். ஜேசிபி வாடகைக்கு ஓடுகிறதே என்று நடுவில் மதகு மட்டத்துக்கும் கீழே இறக்கிவிட்டோம். அந்தத் தண்ணீர் மதகு வழியே பாசனத்துக்கு ஏறாது, கிணறுகளுக்கு ஊறும். எங்களுக்குக் குடிநீர்தான் பிரச்சினை என்பதால் நட்டமில்லை. ஆனால் கரையடியிலும் தோண்டியது சுத்தத் தப்பு. கோடி போன அன்று ராத்திரியே கரையில் கசிவு. விடிய விடிய மணல் மூட்டை அடுக்கினோம். பங்காளி வந்து டார்ச் பிடித்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.