உறிஞ்சு குழாயில் ஒளிந்திருந்த காற்று: உப்புநீர்த் தொட்டியின் நுண்குமிழித் தொல்லை, உங்கள் அனுபவங்களையும் சேருங்கள்

கொக்குவிலில் இருந்து:

வீடு மாறி, நான்கடித் தொட்டியைப் புதிய அறையில் பூட்டி, பம்ப்பைப் போட்ட அன்றே தண்ணீரில் மாவைக் கரைத்து விட்டாற்போல் ஒரு வெண்மூட்டம் படர்ந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது, அத்தனையும் காற்றுக் குமிழிகள். ஊசிமுனையைவிடச் சிறியவை. மேலே ஏறி உடைந்தும் போகாமல், ஓட்டத்தோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. இப்போது தொட்டி தெளிந்துவிட்டது. தெளிந்த வழியை எழுதி வைக்கிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவட்டும்.

மூட்டத்தைக் கண்டதும் குழாயைக் கழற்ற ஓடாதீர்கள். அது குமிழிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி வரும் வாயில் ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்து நிரப்பி, மேசையில் அசையாமல் வையுங்கள். குமிழியானால் குவளையின் அடியில் இருந்து தெளியத் தொடங்கும். தெளிந்த பகுதிக்கும் மூட்டத்துக்கும் இடையிலான எல்லை மெல்ல மேலே ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நேரம் சென்றும் தெளியாவிட்டால் அது வேறு விவகாரம். பக்டீரியா பெருக்கமாக இருக்கலாம், கல்சியம் படிந்து பிரிவதாக இருக்கலாம். அதற்குக் குழாய் வேலை எதுவும் உதவாது.

நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதாகத் தெரியும். நன்னீரில் இரண்டு குமிழிகள் முட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றாகிப் பெரிதாகி மேலே ஓடிவிடும். கடல்நீரில் உள்ள உப்பு அவற்றை எளிதில் ஒன்றுசேர விடாது. அதனால் சிறியது சிறியதாகவே நிற்கிறது. சிறிய குமிழியின் விட்டம் பாதியானால் அது மேலேறும் வேகம் காற்பங்காகிவிடும். தொட்டியின் ஓட்டம் அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்க, அது மேற்பரப்பைத் தொடுவதே இல்லை.

என்னிடம் இருப்பது சம்ப்புக்கு (தொட்டித் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும், அறைகள் கொண்ட துணைத்தொட்டி) வெளியே தரையில் நிற்கும் பம்ப். முதலில் ஸ்கிம்மரை (குமிழி நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) நிறுத்திச் சில மணி நேரம் பார்த்தேன். மூட்டம் குறையவில்லை. ஸ்கிம்மர் குற்றவாளி அல்ல. அடுத்து பம்ப் நீர் எடுக்கும் அறையில் தண்ணீரை உயர்த்திப் பார்த்தேன். அதிலும் மாற்றம் இல்லை. மேலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயின் நுனி நீருக்குள் மூழ்கியே இருந்தது, தெறிப்பும் இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு சம்ப்பின் ஒவ்வோர் அறையிலும் டோர்ச் அடித்தேன். அங்கேதான் வழி பிறந்தது: சம்ப்பின் கடைசி அறைத் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. அதே தண்ணீர் பம்ப்பைக் கடந்து தொட்டிக்குள் வரும்போது மூட்டமாக வந்தது. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்தான் காற்று நுழைகிறது என்பது முடிவாயிற்று.

ஆனால் அந்த இடைவெளியில் இருந்த எந்த மூட்டிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், கடதாசியைச் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்தே கிடந்தது. பக்கத்து வளவில் வெங்காயத் தோட்டம் செய்யும் அண்ணை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணீர் ஒழுகும் மூட்டைத் தேடாதே. பம்ப்புக்கு முன்னால் இருக்கும் குழாய் ஒழுகாது, இழுக்கும்" என்றார். கிணற்றில் இருந்து தோட்டத்துக்கு இறைக்கும் எவருக்கும் இது பாடம். உறிஞ்சு குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். வெளியே ஈரமே தெரியாது.

அவர் செய்த சோதனை இதுதான். பழைய பருத்தித் துணியை நன்றாக நனைத்து, பம்ப்புக்கு முன்னால் உள்ள மூட்டுகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்பது. துணி சுற்றிய மூட்டில் ஓட்டை இருந்தால் காற்றுக்குப் பதிலாகத் துணியின் ஈரம் உள்ளே போகும், குமிழி நின்றுவிடும். வால்வின் மூட்டில் சுற்றினோம், மாற்றம் இல்லை. எல்போவில் (குழாய் வளையும் மூட்டு) சுற்றினோம், மாற்றம் இல்லை. பம்ப்பின் வாயை ஒட்டிய யூனியனில் (கழற்றிப் பூட்டக்கூடிய குழாய் இணைப்பு) சுற்றியதும் தொட்டிக்குள் வந்த மூட்டம் அறுந்தது. துணியை எடுத்ததும் மறுபடி தொடங்கியது. சவர்க்கார நுரை பூசிச் சோதிக்கும் வழக்கம் காற்றுக் குழாய்களுக்கு உண்டு. மீன் தொட்டியில் அதைத் தொடவே கூடாது, நுரை அப்படியே உள்ளே இழுபட்டுப் போகும்.

பம்ப்பை நிறுத்தி, இரண்டு பக்க வால்வையும் மூடி, யூனியனைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தின் ஓரிடத்தில் ஒரு மணல் துணிக்கை பதிந்து சிறு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தால் வருடினால் மட்டுமே தட்டுப்படும் பள்ளம். யூனியனின் வெளிப்புறத்திலும், கீழ்ப்பக்கமாக, வெள்ளையாக மெல்லிய உப்புப் பூத்திருந்தது. பம்ப் நிற்கும் வேளைகளில் அந்த வழியாகச் சிறிது கசிந்து காய்ந்த உப்பு அது. ஓடும்போது தெரியாத ஓட்டையை நிற்கும்போது கசிந்த உப்பு காட்டிக்கொடுக்கும். எனவே பம்ப்பை நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்து மூட்டுகளைப் பாருங்கள்.

புது வளையம் போட்டு, சிலிக்கோன் கிறீஸ் மெல்லப் பூசி, கையால் மட்டும் இறுக்கினேன். யூனியனைக் குறடு போட்டு இறுக்கினால் வளையம் பிதுங்கி ஒரு பக்கம் சாயும். வாஸ்லின் பூச வேண்டாம். அது சில வகை ரப்பரை ஊதிப் போகச் செய்யும்.

இன்னொன்றும் மாற்றினேன். உறிஞ்சு குழாய் பம்ப்பின் வாய் அளவிலேயே இருந்தது. அதை ஓர் அளவு பெரிதாக்கி, பம்ப்புக்கு மிக அருகே இருந்த எல்போவை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தேன். குழாய் ஒடுங்கினால் பம்ப்பின் வாயில் அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். அப்போதுதான் மூட்டுகள் காற்றை இழுக்கத் தொடங்குகின்றன. ஓட்டத்தைக் குறைக்க விரும்பினால் பம்ப்புக்குப் பின்னால் உள்ள வால்வைத் திருகுங்கள். முன்னால் உள்ள வால்வை ஒருபோதும் பாதி மூடி ஓட்டாதீர்கள்.

பருத்தித்துறையில் இருந்து:

அண்ணை, உங்களுடைய கதை வெளியே நிற்கும் பம்ப்புக்குப் பொருந்தும். என்னுடைய பம்ப் சம்ப்புத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது. நீர்மட்டம் இறங்காதவரை அதன் உறிஞ்சு பக்கத்தில் காற்றே கிடையாது. எனக்குக் குமிழி வந்தது ஸ்கிம்மரில் இருந்து. புது ஸ்கிம்மர் ஓடத் தொடங்கிய சில நாட்களுக்கு, சில வேளை இரண்டொரு வாரத்துக்கும், வெளியே குமிழி தள்ளும். உள்சுவரில் வழுவழுப்பான படலம் படிந்த பிறகு தானாக அடங்கும். கழற்றி வினாகிரியில் ஊறவைத்துக் கழுவிய பின்பும் இதே நிலை சில நாள் இருக்கும். அதைத் தெரியாமல் குழாயை எல்லாம் வெட்டிப் புதிதாகப் போட்டவர்களை நான் அறிவேன். பொறுமைதான் அங்கே மருந்து.

 

திருநெல்வேலியில் இருந்து (இந்தியாவின் திருநெல்வேலி அல்ல, நம் யாழ்ப்பாணத்தில் உள்ளது):

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில்தான் எனக்கு இந்தத் தொல்லை. காற்று காய்ந்து வீச, தண்ணீரைக் குளிர்விக்க நான் மின்விசிறியும் வைக்க, ஆவியாதல் மிகுந்துவிடும். சம்ப் உள்ள தொட்டியில் மேலே நீர்மட்டம் அசையாது. முழு இழப்பும் பம்ப் அறையில்தான் தெரியும். காலையில் சரியாக இருந்த அறை மாலையில் பம்ப்பின் வாய்வரை இறங்கிவிடும். மேலே நின்று பார்த்தால் ஒரு சிறு சுழி விழுந்து அதன் நடுவால் காற்று பம்ப்புக்குள் போவது தெரியும்.

ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. எனவே நன்னீரைத்தான் சேர்க்க வேண்டும், உப்புநீரை அல்ல. அந்த நன்னீர் கிணற்று நீராக இருக்கக் கூடாது. நம் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. கடினத்தன்மையும் கூட, தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்றும் கூட. ஆர்ஓ (சவ்வால் வடித்துச் சுத்தமாக்கிய) நீரே பாவியுங்கள். மட்டம் இறங்கியதும் தானாக நீர் சேர்க்கும் மிதவை ஒன்று வைத்தேன். சோளகத்திலும் இப்போது குமிழி இல்லை.

மானிப்பாயில் இருந்து:

குமிழியால் உண்மையில் கேடு உண்டா? பார்வைக்கு அழகில்லை என்பதைத் தவிர வேறு ஏதாவது?

கொக்குவிலில் இருந்து:

சிறிதளவு குமிழியால் பெரும்பாலான மீன்களுக்கும் மென்முருகைகளுக்கும் (மென்பவளங்கள்) பெரிய கேடு இல்லை. கடற்பஞ்சு வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள். அதன் துளைகளில் காற்று அடைபட்டால் அந்த இடம் செத்துப்போகும். மேற்பரப்பில் உடையும் ஒவ்வொரு குமிழியும் உப்புத் துளியை மேலே எறியும். அது விளக்கிலும் மின்செருகியிலும் படிந்து உப்பாகும். ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிப்பது) இல்லாமல் உப்புநீர்த் தொட்டி வைக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பம்ப் இழுத்த காற்று அழுத்தத்தோடு தண்ணீருக்குள் திணிக்கப்படும்போது, தண்ணீர் தாங்கக்கூடிய அளவைவிட அதிகம் காற்று கரைந்துவிடும். அது மீனின் உடலுக்குள் பிரிந்து கண்ணிலும் செட்டையிலும் குமிழியாக நிற்கும். இதைக் குமிழி நோய் என்பார்கள். உறிஞ்சு பக்க ஓட்டையை அழகுப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சாவகச்சேரியில் இருந்து:

2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் எல்லோரும் இதைக் கண்டிருப்பீர்கள். மின்சாரம் வந்து பம்ப் ஓடத் தொடங்கியதும் தொட்டிக்குள் ஒரே குமிழி. குழாயில் இருந்த தண்ணீர் கீழே இறங்கி அந்த இடத்தில் நின்ற காற்று வெளியேறுவது அது. சில நிமிடத்தில் அடங்கினால் விட்டுவிடுங்கள்.

என் தொட்டியில் அது அடங்கவில்லை. மின்சாரம் நிற்கும்போது தொட்டித் தண்ணீர் முழுவதும் சம்ப்புக்கு இறங்கிவிடாமல் இருக்கத் திரும்பு குழாயில் (பம்ப்பில் இருந்து தொட்டிக்கு நீர் ஏறும் குழாய்) ஒரு துளை போட்டிருப்போம் அல்லவா? அந்தத் துளை நீர்மட்டத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. தண்ணீர் அதன் வழியே சீறி மேற்பரப்பைக் குத்திக் குமிழியாக்கிக்கொண்டிருந்தது. குழாயைச் சற்றுத் தாழ்த்தித் துளையை நீருக்குள் இறக்கியதும் நின்றது. பாசியோ நத்தையோ துளையை அடைத்தால் அடுத்த மின்வெட்டில் சம்ப் நிரம்பி வழியும், அடிக்கடி துடையுங்கள்.

வட்டுக்கோட்டையில் இருந்து:

எனக்கு இறங்கு குழாயில்தான் வேலை இருந்தது. தண்ணீரும் காற்றும் கலந்து கொரகொரவென்று இறங்கி சம்ப்பை நுரையாக்கும். அந்தக் குழாயில் கேட் வால்வு பூட்டி, குழாய் முழுக்கத் தண்ணீரே நிற்கும்வரை மெல்ல மெல்லத் திருகினேன். சத்தம் நின்றது, நுரையும் நின்றது. பக்கத்தில் வால்வு இல்லாத அவசரக் குழாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். முதற்குழாய் அடைத்தால் வீடு நனையாமல் காப்பது அதுதான்.

சம்ப்பில் மூன்று தடுப்புக் கண்ணாடி வைத்து, ஒன்றின் மேலாகவும் அடுத்ததன் கீழாகவும் மூன்றாவதன் மேலாகவும் தண்ணீரை அனுப்புவார்கள். கண்ணாடிகளுக்கு இடைவெளி மிகவும் ஒடுக்கமானால் தண்ணீர் விரைந்தோடிக் குமிழியையும் கூட்டிக்கொண்டு போகும். இடைவெளியில் பஞ்சு வைத்தால் அன்றே தெளியும். ஆனால் அதில் அழுக்குச் சேர்ந்து நைத்திரேற்று ஏறும், சில நாளுக்கு ஒருமுறை கழுவ முடிந்தவர்கள் மட்டும் வையுங்கள்.

மானிப்பாயில் இருந்து:

நன்றி. என்னுடையதும் வெளியே நிற்கும் பம்ப்தான். ஈரத்துணிச் சோதனை செய்தேன். யூனியனில் இல்லை. பம்ப்பின் வாயில் திருகும் மரையில் இருந்து வருகிறது. டெப்லோன் நாடா சுற்றித்தான் இருக்கிறது. உயிர்க்கல் (கடலில் இருந்து நுண்ணுயிர்களோடு எடுக்கும் முருகைக்கல்) ஏதும் என்னிடம் இல்லை. கடலில் முருகைக்கல் எடுப்பது குற்றம் என்பதால் சுட்ட மண்கல்லே வைத்திருக்கிறேன். அதனால் சில மணி நேரம் பம்ப்பை நிறுத்துவது பிரச்சினையா?

கொக்குவிலில் இருந்து:

சுட்ட கல்லிலும் நன்மை செய்யும் பக்டீரியா குடியிருக்கும், தம்பி. அதற்கும் மீனுக்கும் ஒட்சிசன் வேண்டும். தொட்டிக்குள் ஒரு சிறு ஓட்டப் பம்ப்பையோ காற்றுக் கல்லையோ ஓடவிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய நாடாவை முழுவதும் சுரண்டி எடுங்கள். அதன் மேல் புதிது சுற்றினால் பிடிக்காது. மரையை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து, வலஞ்சுழியாக, இறுக்கி இழுத்துச் சுற்றுங்கள். முறுக்கும்போது நாடா கழன்று பின்னுக்கு வராமல் மரையோடு சேர்ந்து போகும். பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்கி, அதன் பின் சிறிதளவு மட்டும் குறடு போடுங்கள். மிஞ்சி இறுக்கினால் பம்ப்பின் வாய் வெடிக்கும். பிறகு ஈரத்துணியை அதே இடத்தில் மறுபடி சுற்றிப் பாருங்கள். துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஒரே தெளிவாக வந்தால் ஓட்டை அடைபட்டுவிட்டது.