பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டவர் பாதி வாழ்க்கையை விட்டவரா?

இரணியல் செவிலி:
பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காகத் தக்கலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கடந்த ஞாயிறன்று நடந்த வழிகாட்டுதல் கூட்டத்துக்கு என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். பேச வந்தவர், "பதினொன்றில் கணிதத்தை விட்டவர் பாதி வாழ்க்கையை விட்டவர்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவை எடுக்க நினைத்திருந்த என் மகள் வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. நானும் அந்தப் பிரிவில் படித்தவள்தான், நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பதினாறு ஆண்டுகளாக அந்த ஊதியத்தில்தான் வீட்டை நடத்துகிறேன். நான் இழந்த பாதி எது என்று யாராவது காட்டித்தந்தால் போய் எடுத்துக்கொள்வேன்.

பழைய கணக்கு வாத்தியார்:
செவிலியர் அம்மையாரின் வருத்தம் புரிகிறது. ஆனால் வருத்தம் விடையாகாது. முப்பத்தோராண்டு மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பேச்சாளர் மிகைப்படுத்தவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. 200இல் 100 எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலே சொல்லும். கட்டடக்கலைப் படிப்புக்கும் கணிதம் வேண்டும். தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத் தேர்வில் தரைப்படைக்கு எந்தப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்குப் போகிறவரும் 300 மதிப்பெண் கணிதத் தாளிலிருந்து தப்ப முடியாது. பாதி என்பது பேச்சுக்குச் சொன்ன அலங்காரம் அன்று, எண்.

குளச்சல் கடற்காற்று:
ஐயா, பொறியியல் கட்-ஆஃபில் பாதி எந்த வழியாக மனித வாழ்க்கையில் பாதி ஆயிற்று? அந்தக் கலந்தாய்வுக்கே விண்ணப்பிக்காத பிள்ளைக்குக் கட்-ஆஃப் பூஜ்யம். பூஜ்யத்தில் பாதியும் பூஜ்யம்தானே? மருத்துவத்துக்கும் மீன்வள அறிவியலுக்கும் உயிரியல்தான் கேட்கிறார்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவும் போதும். சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்புக்கு வணிகவியல் பிள்ளைகள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

பழைய கணக்கு வாத்தியார்:
சி.ஏ. அடிப்படைத் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு முழுத் தாளில் வருகின்றன என்பது தம்பிக்குத் தெரியாது போலும். எதிர்வாதத்துக்கு எடுத்த உதாரணமே என் பக்கம் வந்து நிற்கிறது.

கோணத்து டிப்ளமா:
நான் பதினொன்றாம் வகுப்பு வாசலையே மிதித்தவன் அல்லன். பத்தாம் வகுப்பு முடித்ததும் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு மெக்கானிக்கல் படித்தேன்; பிறகு நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். வாத்தியார் ஐயாவின் கணக்குப்படி பதினொன்றில் கணிதம் எடுக்காத நான் பாதி மனிதன். பன்னிரண்டும் படிக்காததால் மீதிப் பாதியும் போயிருக்க வேண்டும். என் தம்பி பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, நம் கன்னியாகுமரி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரச் சோதனை நடக்கும் இஸ்ரோ வளாகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறான். அவனும் பூஜ்யம்தானா?

பழைய கணக்கு வாத்தியார்:
முதலில், பாலிடெக்னிக்கில் கணிதத் தாள் எழுதாமல் யாரும் டிப்ளமா வாங்குவதில்லை. அதில் தம்பிக்கு எத்தனை அரியர் இருந்தது என்று நான் கேட்க மாட்டேன். இரண்டாவது, மகேந்திரகிரி நம் மாவட்டத்தில் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய பின் வருவது திருநெல்வேலி மாவட்டம். ஊரின் எல்லையே தெரியாதவர் பிள்ளைகளுக்கு வழி காட்ட வந்துவிட்டார்.

கோணத்து டிப்ளமா:
எல்லை எங்கே இருந்தாலும் தம்பி காலையில் நாகர்கோவிலில் புறப்பட்டு மாலையில் நாகர்கோவிலுக்குத்தான் திரும்புகிறான், சம்பளமும் இங்கேதான் செலவாகிறது. அரியர் ஒன்று இருந்தது. அதுவும் கணிதத்தில் அன்று, இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில்.

இரணியல் செவிலி:
பாதி எது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை. வாத்தியார் அவர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். நோயாளிக்கு 500 மில்லி குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. அதை 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. இரவுப் பணியில் இதைப் போடாத நாளே எனக்கு இல்லை. இதற்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் எந்த வார்டிலும் என்னைத் தேடி வந்ததில்லை.

பழைய கணக்கு வாத்தியார்:
நன்றி அம்மா. நீங்கள் செய்தது விகிதம், விகிதம் கணிதம். ஆகவே நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

இரணியல் செவிலி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விகிதம் பள்ளியில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லித்தந்தது. கேள்வி பதினொன்றாம் வகுப்பைப் பற்றியது.

வடக்கு சூரங்குடி மாணவி:
வணக்கம். நான் இந்த ஆண்டு பதினொன்றில் சேர வேண்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். ஆனால் என் கணித மதிப்பெண் சுமார்தான். அந்தப் பிரிவின் பாரத்தில் இரண்டிலும் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல முடியுமா?

மார்த்தாண்டம் ரப்பர்:
நாகர்கோவிலில் இருந்துகொண்டு மாவட்டம் முழுவதற்கும் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் நர்சிங் படித்து வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் போனதால்தான் ரப்பர் விலை இறங்கிய ஆண்டுகளிலும் அடுப்பு எரிந்தது. ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராக ஜெர்மன் மொழியில் பி2 என்னும் மேல்-இடைநிலைத் தேர்ச்சி வேண்டும் என்பதைத்தான் கூட்டங்களில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அங்கே கணிதம் யார் கேட்டார்?

பழைய கணக்கு வாத்தியார்:
கிழக்கு, மேற்கு என்று பிரிக்க வேண்டாம். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகத்தான் தமிழகத்தோடு சேர்ந்தன. நான்கில் பாதி இரண்டு என்று யாரும் அன்று கோடு கிழிக்கவில்லை.

குளச்சல் கடற்காற்று:
பாதியை மீண்டும் கொண்டுவந்தது நீங்கள்தான். சென்ற ஆண்டு சுசீந்திரம் கோபுரத்தின் உயரத்தைப் பற்றிப் பேசியபோதும் ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் எல்லாரையும் உட்காரவைத்தவர் இவர். ஐயாவுக்குக் கணிதத்தின் மேல் இருக்கும் அக்கறைக்கும் மாலை நேரத்தில் அவர் வீட்டு வராந்தாவில் கிடக்கும் செருப்புகளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கலாமா?

பழைய கணக்கு வாத்தியார்:
கேட்கலாம். அந்தச் செருப்புகளில் பாதிக்கு மேல் கட்டணம் தராத பிள்ளைகளுடையவை. பணி ஓய்வுக்குப் பிறகு எவரிடமும் கட்டாயமாக ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அந்த வராந்தாவில் குளச்சல் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று சரக்குக் கப்பலில் அதிகாரி, இயற்பியல், வேதியியல், கணிதம் படித்ததால்தான் அந்தப் படிப்பில் சேர முடிந்தது. கரையில் நின்று காற்று வாங்குகிறவருக்கு அது தெரியாது.

குளச்சல் கடற்காற்று:
கொச்சியில் மத்திய அரசின் மீன்வள மாலுமிப் பயிற்சி நிறுவனம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கே இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. அதைப் பற்றி எங்கள் கரையில் எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை. என் கோபம் அது. காற்று வாங்குவது என் வீட்டு விஷயம்.

பழைய கணக்கு வாத்தியார்:
அங்கும் பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

கோணத்து டிப்ளமா:
கணிதத்தை இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்பது போலப் பேசுகிறார்கள். கூடுதல் பாடமாக உயிரியலை எழுதித் தேறியவரும் நீட் தேர்வுக்கு வரலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அறிவித்தது. விட்ட பாடத்தைத் திரும்ப எடுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய கணக்கு வாத்தியார்:
அருமை. பின்னால் எழுதிக்கொள்ளக்கூடிய பாடம் உயிரியல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆகவே முதலில் எடுக்க வேண்டியது கணிதம். நான் சொன்னது அதுதான்.

இரணியல் செவிலி:
அவர் அதைச் சொல்லவில்லை, நீங்கள் அவர் வாயில் வைக்கிறீர்கள். என் மகள் நேற்றிரவு, "அம்மா, நீ பாதிதானா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கேட்டாள். அந்தப் பேச்சாளர் வந்து பதில் சொல்லட்டும், அல்லது அவருக்காக வாதாடுகிறவர் சொல்லட்டும்: எந்தப் பாதி?

வடக்கு சூரங்குடி மாணவி:
மன்னிக்கவும், மேலே கேட்டிருந்தேன். திங்கட்கிழமைக்குள் பள்ளியில் பிரிவை எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழைய கணக்கு வாத்தியார்:
டிப்ளமா தம்பிக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்பது வடிவியல். வடிவியலும் கணிதம்தான். ஆகவே உங்கள் அரியர் கணிதத்தில்தான்.