80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது: மதுரையில் எங்கே பார்க்கலாம்?

வண்டி 2016 ஸ்விஃப்ட் டீசல், அலாய் வீல், டயர் 185/65 ஆர்15. போன மாதம் முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டதிலிருந்து இந்தத் தொல்லை. ஊருக்குள் ஒன்றும் தெரியாது. மேலூர் தாண்டி திருச்சி நான்குவழிச் சாலையில் 80-ஐத் தொட்டதும் உதறல் ஆரம்பித்து 95 வரை இருக்கிறது, அப்புறம் குறைகிறது. பிரேக் போட்டால் கூடவில்லை, அதனால் டிஸ்க் மேல் சந்தேகமில்லை.

அலைன்மென்ட் பார்த்தாயிற்று. வெவ்வேறு கடைகளில் பேலன்சிங் (வீல் சமமாகச் சுற்ற ரிம்மில் சிறு எடைகள் வைப்பது) செய்தும் பலனில்லை. எடை வைத்தபின் மெஷினில் சைபர் காட்டுகிறது, ஆனால் அதற்கு ஒரு வீலுக்கு மட்டும் 70 கிராம் எடை கேட்கிறது. ரிம்மின் உள்பக்கம் வரிசையாக எடைக்கட்டிகள். அந்த வீலைப் பின்னால் மாற்றிப் போட்டேன். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது, இப்போது சீட் அதிர்கிறது. ஜாக்கி போட்டு, டயரை ஒட்டி ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டால், ஓர் இடத்தில் மட்டும் உரசுகிறது. ரிம் கோணலா, டயரே வட்டமாக இல்லையா என்று பிரித்துச் சொல்ல இங்கே ஆளில்லை. அம்மாவை அடிக்கடி திருச்சிக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன், இப்படியே ஓட்ட மனசு வரவில்லை.

மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ டயல் கேஜ் (சுற்றும்போது எவ்வளவு கோணல் என்று அளக்கும் கருவி) வைத்து ரிம்மையும் டயரையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லும் கடை எது?