சூக்ஃபோர்த் வெறும் தூதுவரா?

கதிர்வேல்:
அமெரிக்க பேஸ்பால்காரர் கிளைட் சூக்ஃபோர்த்தின் புகழ் கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கருத்து. மாற்று கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) 486 ஆட்டம், மொத்தமே 2 ஹோம் ரன் (ஒரே அடியில் சுற்று முழுவதும் ஓடி எடுக்கும் ரன்). அப்புறம் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஸ்கவுட் (புதிய வீரர்களைத் தேடுபவர்), கோச். ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைக் கண்டெடுத்தவர் என்கிறார்கள். கறுப்பின வீரரை மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால்) ஆடவைக்கத் துணிந்தவர் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி. பெயர் சொல்லி அனுப்பியதும் ரிக்கி. கூப்பிட்டு வந்தவருக்கு இவ்வளவு பெருமையா?

செல்வி:
வெறுமனே கூப்பிட்டு வரவா அனுப்பினார்? ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே) ராபின்சன் எறியும் பந்தில் வலு இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். 1945 ஆகஸ்டில் சூக்ஃபோர்த் சிகாகோ போனபோது ராபின்சனுக்குத் தோளில் அடி, ஆடவே இல்லை. எறிவதைப் பார்க்க முடியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ராபின்சனோடு உட்கார்ந்து பேசினார். ரிக்கிக்கு என்மேல் ஏன் அக்கறை என்று ராபின்சன் விடாமல் கேட்டார். அந்த உறுதி பிடித்துப்போய்த்தான் புரூக்ளினுக்கு அழைத்து வந்தார். ஆட்டத்தைப் பார்க்காமல் ஆளை எடைபோட்டது யார்? ரிக்கியா?

1947 ஏப்ரல் 15, ராபின்சனின் முதல் ஆட்டம். மேனேஜர் லியோ டுரோஷர் தடையில் இருந்ததால் அன்று அணியை நடத்தியதும் சூக்ஃபோர்த்தான்.

கதிர்வேல்:
சரி, 1951 அக்டோபர் 3? ஜயன்ட்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 4-2 என முன்னிலை. யாரை அனுப்பலாம் என்று மேனேஜர் டிரெசன் புல்பென்னுக்கு (மாற்று பிட்சர்கள், அதாவது பந்தெறிபவர்கள், தயாராகும் இடம்) போன் போட்டார். எர்ஸ்கினின் பந்து தரையில் குத்துகிறது, பிராங்காவை எடுங்கள் என்றவர் சூக்ஃபோர்த். இரண்டு நாள் முன்புதான் அதே பிராங்காவின் பந்தில் பாபி தாம்சன் ஹோம் ரன் அடித்திருந்தார். மறுபடியும் அடித்தார். 5-4, சீசன் முடிந்தது.

மாறன்:
கதிர்வேல் அண்ணே, கண்ணெதிரே கர்வ் பந்து (வளைந்து போகும் பந்து) தரையில் குத்தும்போது அந்த பிட்சரை எப்படி அனுப்பச் சொல்வார்? தன் வேலையைத்தான் செய்தார். முடிவெடுக்கவேண்டியவர் மேனேஜர். அதோடு, அந்த சீசனில் ஜயன்ட்ஸ் தொலைநோக்கி வைத்து எதிரணி கேட்சர் பிட்சருக்கு அடுத்த பந்தின் வகையைச் சொல்லும் சைகைகளைத் திருடியது 2001இல் விரிவாக வெளிவந்தது. சூக்ஃபோர்த் 2000 செப்டம்பரிலேயே 98 வயதில் இறந்துவிட்டார். அரை நூற்றாண்டு பழியைச் சுமந்த மனிதருக்கு அதைப் படிக்கக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கதிர்வேல்:
அந்தப் பந்துக்குச் சைகை கிடைக்கவில்லை என்றே தாம்சன் கடைசிவரை சொன்னார், தம்பி.

செல்வி:
கிளெமென்டேயை விட்டுவிட்டீர்களே. 1954இல் சூக்ஃபோர்த் அப்போது இருந்த பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி அவரை அனுப்பியது டாட்ஜர்ஸின் மான்ட்ரியால் கிளை அணியில் இருந்த ஜோ பிளாக் என்ற பிட்சரைப் பார்க்க. அதே அணியில் டாட்ஜர்ஸ் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்காரவைத்திருந்த ராபர்ட்டோ கிளெமென்டே, ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் பந்தெறிவதைப் பார்த்தார். போன காரியத்தை விட்டுவிட்டு இந்தப் பையனை எடுங்கள் என்றார். பைரட்ஸ் கொடுத்தது 4,000 டாலர். கிடைத்தது 3,000 ஹிட். இதற்கு யாரும் பெயர் சொல்லி அனுப்பவில்லை.

1931இல் வேட்டையின்போது குண்டு பட்டு வலக்கண் பார்வை பாழானவர் சூக்ஃபோர்த். அதற்கு இரண்டு வருடம் முன்பு .354 சராசரியில் (ஆயிரத்துக்கு 354 ஹிட் என்ற விகிதம்) அடித்த கை.

கதிர்வேல்:
கிளெமென்டே அவருடைய கண்டுபிடிப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ராபின்சன் விஷயத்தில் ரிக்கிக்கு அடுத்த இடம்தான் தருவேன்.

செல்வி:
அந்த இரண்டாம் இடத்தைத்தானே நானும் கேட்டேன். தலைப்பில் தூதுவர் என்று எழுதியது நீங்கள். 1972இல், சாவதற்குச் சில மாதம் முன்பு, ராபின்சனே சூக்ஃபோர்த்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்.