ஆக்டமர் கட்டும்போது முதல் பீக் மட்டும் மலை மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

யெலஹங்கா_இட்லி:
வணக்கம். பெங்களூரில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. நியூக்ளியோசோம் (எட்டு ஹிஸ்டோன் புரதம் சேர்ந்த ஆக்டமரை டி.என்.ஏ. சுற்றிய உருண்டை) கட்டுவதற்காக மனித ஹிஸ்டோன் நான்கு வாங்கினோம்: எச்2ஏ, எச்2பி, எச்3.1, எச்4. ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து உலர்த்திய பொடி. புரத மடிப்பைப் பிரிக்கும் 7 மோலார் குவானிடினில் கரைத்தேன், நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சலை வைத்துப் புரத அளவு சொல்லும் கருவி) அளந்தேன், நான்கையும் சம மோலாகக் கலந்து 2 மோலார் உப்பு பஃபரில் இரண்டு இரவு டயாலிசிஸ். அப்புறம் 16/600 சூப்பர்டெக்ஸ் 200 காலம் (column, பெரியது முதலில் வெளிவரும்படி புரதங்களைப் பிரிக்கும் குழாய்). 45 மி.லி. பக்கம் பெரிய பீக். ஆக்டமர் வரவேண்டிய 65 பக்கம் சின்ன மேடுதான். டயாலிசிஸ் பைக்குள் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வேறு. மூன்றாவது முறையும் இதே கதை. ஒரு குப்பியின் விலையை வீட்டில் சொல்லவே இல்லை. கைடு, "இன்னும் ஒரு தடவைதான்" என்றுவிட்டார்.

ஜாலஹள்ளி_காபி:
பார்சல் ஏர்போர்ட்டில் வெயிலில் கிடந்திருக்கும். எங்களுக்கு ஒரு என்சைம் அப்படித்தான் போனது. மாற்றிக் கேளுங்கள்.

மைனஸ்_எண்பது:
காபி அண்ணா, என்சைம் வேறு, இது வேறு. உலர்ந்த ஹிஸ்டோன் நாலு நாள் பயணத்தைத் தாங்கும். எப்படியும் குவானிடினில் முழுக்கப் பிரித்துவிட்டுத்தானே மறுபடி மடிக்கிறோம்? தம்பி, நானோடிராப்பில் எந்த செட்டிங்கில் அளந்தாய்? எச்3ஐ மட்டும் ஜெல்லில் (புரதத்தை எடை வாரியாகப் பிரிப்பது) ஓட்டிப் பார்த்தாயா?

யெலஹங்கா_இட்லி:
"1 ஏபிஎஸ் = 1 மி.கி./மி.லி." என்று ஏற்கெனவே இருந்த செட்டிங்தான் அக்கா. ஜெல்லில் எச்3 சரியாக 15 கிலோடால்டனில் இருக்கிறது. 30 பக்கம் மங்கலாக ஒரு பேண்ட், அழுக்கு என்று விட்டுவிட்டேன்.

மைனஸ்_எண்பது:
அது அழுக்கு இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அளவு. இந்த நான்கு ஹிஸ்டோனிலும் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. நானோடிராப் பார்க்கும் 280 நானோமீட்டரில் உறிஞ்சுவது டைரோசின் மட்டும்: எச்3இல் 3, எச்4இல் 4, எச்2ஏவில் 3, எச்2பியில் 5. ஒரு டைரோசினுக்கு மோலார் உறிஞ்சல் 1490 வைத்துக் கணக்குப் போடு. 1 மி.கி./மி.லி. எச்3 ஏறக்குறைய 0.29 காட்டும், எச்4 0.53. உன் செட்டிங்கில் இரண்டும் 1 காட்டினால், உள்ளே எச்3 3.4 மி.கி., எச்4 1.9 மி.கி. இருக்கிறது. நீ சமம் என்று கலந்ததில் ஒரு எச்4க்கு 1.8 எச்3. எச்2ஏவும் எச்2பியைவிட அதே போல ஏறிப்போயிருக்கும். எச்3க்கு ஜோடி எச்4, எச்2ஏவுக்கு எச்2பி. ஜோடி கிடைக்காத ஹிஸ்டோன் சும்மா மிதக்காது, திரண்டுவிடும். உன் தயிரும் 45இல் வரும் பெரிய பீக்கும் அதுதான்.

இன்னொன்று, பழைய டி.டி.டி. (சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் ரிடியூசிங் ஏஜென்ட்) ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அதுவே 280இல் உறிஞ்சும். பிளாங்க் (பூஜ்ஜியம்) வைக்கும் பஃபரும் அதே பாட்டிலிலிருந்து, அதே நாளில் எடுத்ததாக இருக்கட்டும்.

இப்போது அந்த 30 பேண்ட். எச்3.1இல் 96, 110ஆம் இடங்களில் இரண்டு சிஸ்டீன் (கந்தகமுள்ள அமினோ அமிலம்). ரிடியூசிங் ஏஜென்ட் செத்தால் இரண்டு எச்3 கைகோர்த்துக்கொள்ளும். டி.டி.டி. எப்போது போட்டாய்?

யெலஹங்கா_இட்லி:
பஃபரோடு சேர்த்துப் போன மாதமே போட்டு வைத்தேன் அக்கா...

மைனஸ்_எண்பது:
சரிதான். பிஹெச் 7.5இல், 20 டிகிரியில் அதன் அரை ஆயுள் சுமார் 10 மணி நேரம். ஒரு மாதம் என்றால் நீ பச்சைத் தண்ணீரில் வேலை செய்திருக்கிறாய். கரைக்கும் அன்று காலையில் புதிதாக 10 மில்லிமோலார் போடு. டயாலிசிஸ் பஃபரில் 5 மில்லிமோலார் பீட்டா-மெர்காப்டோ எத்தனால், ஒவ்வொரு மாற்றத்திலும் புதிது. எச்2ஏ, எச்2பியை மட்டும் 1.2 மடங்கு வை. மிஞ்சும் டைமர் (எச்2ஏ-எச்2பி ஜோடி) 84 மி.லி. பக்கம் தனியாக வந்துவிடும். எச்3-எச்4 மிஞ்சினால் ஆக்டமரோடு ஒட்டிக்கொண்டு வந்து உயிரை எடுக்கும்.

ஜாலஹள்ளி_காபி:
ஏர்போர்ட்டைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

யெலஹங்கா_இட்லி:
அக்கா, நேற்று சூப்பர்டெக்ஸ் காலம் ஓட்டினேன். 45இல் குட்டி பீக், 66இல் நல்ல உயரம், 84இல் டைமர். 66 ஃப்ராக்ஷனை 18% ஜெல்லில் போட்டேன்: மேலே எச்3, நடுவில் எச்2பியும் எச்2ஏவும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு, அடியில் எச்4. 30இல் ஒன்றுமில்லை. நானோடிராப் மேல் "ஹிஸ்டோனுக்கு இந்த செட்டிங் வேண்டாம்" என்று தமிழில் ஒட்டிவிட்டேன். லேபில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது, இன்று கன்னடத்திலும் எழுத வேண்டும்.